லிட்டருக்கு முப்பத்துமூன்று

ஜூன் 4, ஞாயிறு

ஜனவரியில் பம்பு கம்பெனியில் கொடுத்த டைரி இத்தனை நாள் பீரோவில் தூங்கியது. இன்று எடுத்துவிட்டேன். காரணம் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர்.

காலையில் டீசல் நிரப்பி வந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் தன் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு வந்து, "சென்னியப்பன் சார், உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருது?" என்றார். பதினேழு புள்ளி இரண்டு என்று உள்ளதைச் சொன்னேன். "அட, என்னுதும் பதினேழு குடுக்குதே. அப்ப டீசல் வாங்கி என்ன பிரயோஜனம்?" என்றார்.

ரிட்டையரான கணக்கு டீச்சர். கணக்கு தெரிந்தால் இன்ஜின் தெரியுமா? நான் இருபத்தெட்டு வருஷமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். எந்தப் பம்பு எவ்வளவு கரண்டு குடித்து எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அது கோயமுத்தூரைத் தாண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சக்தி அதிகம். டீசல் இன்ஜின் காற்றை இறுக்கி நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. பெட்ரோலுக்கு ஒரு பொறி வைத்துவிட வேண்டும். டீச்சரிடம் கேட்டிலேயே நின்று இருபது நிமிஷம் விளக்கினேன். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

என் முறை இது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, விடிந்ததும், அதே பங்க், அதே குழாய். குழாய் தானாக நின்ற பிறகும் விடமாட்டேன். காரின் பின்பக்கத்தைப் பிடித்து நன்றாக ஆட்டினால் உள்ளே அடைத்திருக்கும் காற்று வெளியேறி இன்னும் முக்கால் லிட்டர் இறங்கும். பங்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். விளிம்பு வரை நிரப்பினால் அடுத்த தடவை அதே விளிம்புக்கு எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் எரிந்த டீசல். கிலோமீட்டரையும் அன்று மட்டும்தான் பார்ப்பேன். தினமும் மீட்டரை எட்டிப் பார்ப்பவர்கள் பதற்றக்காரர்கள்.

இனி ஒவ்வொரு அளவும் இந்த டைரியில் ஏறும். பதினேழு புள்ளி இரண்டு அவமானம்.

ஜூன் 6, செவ்வாய்

மாமனார் மார்ச்சிலிருந்து நம் வீட்டில் இருக்கிறார். இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். கோகிலா இன்றும் கேட்டாள். "ஏனுங்க, நீங்க கம்பெனி பஸ்ஸுலதான போறீங்க. வண்டி சும்மாதான நிக்குது. ஆக்டிங் டிரைவர் வெச்சு அப்பாவக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

பொறுமையாக எடுத்துச் சொன்னேன். டீசல் இன்ஜின் நீண்ட ஓட்டத்துக்குப் பிறந்தது. ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர். இன்ஜின் சூடாவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிடும். இடையில் ஒன்பது சிக்னல். அதிலும் ஆக்டிங் டிரைவர் கிளச்சை மிதித்துக்கொண்டே ஓட்டுவான். லிட்டருக்குப் பன்னிரண்டு வந்தால் நான் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது?

நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல. நல்ல ஆட்டோவாகப் பார்த்துப் போகச் சொன்னேன். "செரிங்க" என்றாள். உடனே ஒப்புக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். விளக்கமாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறாள்.

ஜூன் 11, ஞாயிறு

பேரூர் கோயிலுக்குப் போனோம். டிரைவர் சீட் ஒரு ஜாண் முன்னால் நகர்ந்து கிடந்தது, ஏறும்போது முட்டி இடித்தது. சீட்டின் தண்டவாளம் தேய்ந்துவிட்டது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 18, ஞாயிறு

இருபத்தொன்று புள்ளி நான்கு!

278 கிலோமீட்டர், 13 லிட்டர். மூன்று தடவை வகுத்துப் பார்த்தேன். டயர்க் காற்றை இரண்டு பாயிண்ட் ஏற்றியதும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும் பலன் தருகின்றன. 278 என்பதுதான் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஞாயிறுகளில் மட்டும்தானே எடுத்தேன்? நல்ல சாலையில் தூரம் தெரியாது என்பார்கள், அப்படித்தான் இருக்கும்.

காலனி வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒன்பது பேர் கைதட்டினார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஒரு சிரிப்பு மட்டும் போட்டார். பொறாமை.

ஜூன் 23, வெள்ளி

சாயங்காலம் கோகிலாவிடம் ஆட்டோ எப்படி என்று விசாரித்தேன். கேட்பதும் என் கடமைதானே.

"நல்லா இருக்குதுங்க. அப்பா காலை நீட்டி உக்காந்துக்கறாரு."

"ஓட்டறவன் எப்படி?"

"பொறுமையாத்தான் ஓட்டறது. மொதல்ல ரெண்டு வாட்டி மேட்டுல ஆஃப் ஆயிருச்சு. இப்பப் பரவால்லீங்க."

"பெட்ரோலா, கேஸா?"

"டீசலுங்க" என்றாள், வெங்காயத்தை அரிந்துகொண்டே. டீசல் ஆட்டோ இந்தப் பக்கத்தில் இன்னும் ஓடுகிறதா? ஆட்டோக்காரருக்கே டீசலின் அருமை தெரிந்திருக்கிறது, டீச்சருக்குத் தெரியவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

25.1.

இனிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. ஆனாலும் குழுவில் போட்டேன், படத்துடன்.

ஜூலை 7, வெள்ளி

கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் கார், முகம் தெருவைப் பார்க்க, ரிவர்ஸில் நின்றது. ஞாயிறு நான் எப்போதும்போல் மூக்கை உள்ளே விட்டுத்தான் நிறுத்தினேன் என்று நினைவு. சுவருக்கும் கண்ணாடிக்கும் நான்கு விரல்தான் இடைவெளி. இவ்வளவு நேர்த்தியாக யார் நிறுத்த முடியும்? நானேதான் ஏதோ யோசனையில் நிறுத்தியிருக்கிறேன். கை அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

ஜூலை 11, செவ்வாய்

மாமனார் டயாலிசிஸ் முடிந்து வந்த நாட்களில் சோர்ந்து படுத்துவிடுவார். இன்று எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் காப்பி குடிக்கும்போது, "மாப்ள, மூணாவது கியர்ல கொஞ்சம் இழுக்குதுங்க. பாத்து வெச்சுக்குங்க" என்றார்.

எதில் இழுக்கிறது என்று கேட்டேன். கோகிலா சமையலறையிலிருந்து, "அப்பா, மாத்திர போட்டாச்சுங்களா?" என்று கத்தினாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப ஏற்றினால் மூளை கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். பாவமாக இருந்தது.

ஜூலை 16, ஞாயிறு

29.3. 322 கிலோமீட்டருக்குப் பதினொரு லிட்டர்.

டெஸ்டிங் பிரிவு ஆட்களுக்கு போனில் சொன்னேன். கூட வேலை பார்ப்பவர்கள், "சார், கார் கம்பெனிக்காரனே இருபத்துநாலுதான போட்டிருக்கான்?" என்றார்கள். ஓட்டுகிறவனைப் பொறுத்தது என்றேன். பம்பு ஏதாவது குறிப்பிட்டதைவிட ஐந்து சதவிகிதம் கூடுதலாகத் தள்ளினால், அளக்கும் கருவி பழுது என்று திருப்பி அனுப்புகிறவன் நான். ஆனால் அது பம்பு.

பேரூர் போய்த் திரும்பி வரும் வழியில் வெயில் சுட்டெரித்தது. கோகிலாவின் கை, பார்க்காமலேயே ஏசி பித்தானுக்குப் போய்த் திருகிவிட்டது. அந்தப் பித்தான் இருக்கும் இடமே அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அணைத்தேன். ஏசி ஒன்றரைக் கிலோமீட்டரைத் தின்றுவிடும். "பேங்க் முன்னால புதுசா ஸ்பீடு பிரேக்கர் போட்டிருக்காங்க, மெதுவாப் போங்க" என்றாள். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர். அவள் சொல்லவில்லையென்றால் தூக்கிப் போட்டிருக்கும்.

மார்ச்சில் இருந்து டீச்சருடன் தையல் வகுப்புக்குப் போனாளே, இதுவரை ஒரு பட்டன்கூடத் தைத்துக் காட்டவில்லை என்று வழியில் ஞாபகம் வந்தது. கேட்டேன். "கையெல்லாம் நல்லாப் படிஞ்சிருச்சுங்க" என்றாள்.

ஜூலை 30, ஞாயிறு

முப்பத்துமூன்று புள்ளி எட்டு.

338 கிலோமீட்டர், பத்தே லிட்டர். பங்க்காரரிடமே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து வாசலிலிருந்தே கோகிலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். திடுக்கிட்ட மாதிரி, "அவ்வளவா?" என்றாள். பிறகு, "எத்தன வந்தாச் செரியா இருக்குமுங்க?" என்று கேட்டாள்.

இருபத்துநான்குக்கு மேல் வந்தால் ஊர் நம்பாது, ஆனால் உண்மை உண்மைதான் என்றேன். "இருவத்திநாலு" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்குப் போய் டீச்சரோடு ஏதோ காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தையல் அளவாக இருக்கும்.

சாயங்காலம் காலனி சங்கக் கூட்டம். தலைவர் தங்கவேல் என்னைப் பேசச் சொல்லவில்லை, நானாகவே பேசினேன். டீசலா பெட்ரோலா என்று ஊரறிய ஒரு போட்டி வைத்துவிடலாம் என்றேன். நானும் டீச்சரும் பொள்ளாச்சி போய்த் திரும்ப வேண்டும். இரண்டு டேங்கையும் விளிம்பு வரை நிரப்பித் தலைவர் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். திரும்பி வந்து நிரப்பினால் தெரிந்துவிடும். ஆகஸ்ட் பதினைந்து காலையில் கொடியேற்றம் முடிந்ததும் கிளம்பலாம், கூட்டமும் இருக்கும் என்றேன்.

டீச்சர், "பதினஞ்சு செவ்வாய்க்கிழமையாச்சே சார். ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமே" என்றார். நழுவப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேராது, முடியாது என்றேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மாமனாருக்கு இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. மூச்சும் கொஞ்சம் வாங்குகிறது. ஒரு தடவைகூடத் தள்ளிப்போகக் கூடாது, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னாராம். கோகிலா சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

போட்டிக்காக ஸ்டெப்னியைக் கழற்றி வைத்தேன். பதினான்கு கிலோ குறையும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

312 கிலோமீட்டர், 13 லிட்டர். இருபத்துநான்கு. புள்ளிக்குப் பின்னால் சுழியம். இம்மிகூட இப்படி அப்படி இல்லை.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிட்டத்தட்டப் பத்து கிலோமீட்டர் விழுந்துவிட்டது. மறுபடி மறுபடி வகுத்தேன். கோகிலா மட்டும், "இருவத்திநாலுங்களா? அப்பச் செரிங்க" என்று நிம்மதியாகச் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 14, திங்கள்

கோகிலா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "நாளைக்குச் செவ்வாய்க்கிழமைங்க. ஒம்பதரைக்கு அப்பா மெஷின்ல இருக்கணும்."

எப்போதும் வருகிற ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அந்த ஆட்டோவத்தானுங்க நாளைக்கு நீங்க பொள்ளாச்சிக்கு ஓட்டிட்டுப் போறீங்க" என்றாள்.

நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. போட்டிக்கு முந்தின நாள் அதெல்லாம் வேண்டாம். காலரை இன்னொரு தடவை தேய்த்தேன். பிறகு அவளே டாக்சிக்கு போன் பண்ணி எட்டரைக்கு வரச் சொன்னாள். பிரச்சினை தீர்ந்தது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எட்டு மணிக்குக் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். தெருவின் நடுவில் நாற்காலி போட்டு, சுண்ணாம்பில் கோடு கிழித்து, இரண்டு காரையும் நிறுத்தியிருந்தோம். தங்கவேல் இரண்டு டேங்க் மூடிக்கும் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். நான் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் ஆக்சிலரேட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்காலுக்குத்தான் நிதானம் வரும்.

எட்டு நாற்பதுக்குக் கோகிலா மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. "டாக்சிக்காரன் வரமாட்டேனுட்டானுங்க. மெயின் ரோட்டுல ஊர்வலமாம். சந்து வழியாப் போயிறலாம். சாவியக் குடுங்க" என்றாள்.

நான் சொன்னது இது. மாற்றாமல் எழுதுகிறேன். "டேப் ஒட்டியாச்சே, கோகிலா."

ஸ்டெல்லா டீச்சர் தன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "சென்னியப்பன் சார், இறங்குங்க" என்றார், வகுப்பில் சொல்வதுபோல். இறங்கினேன். டீச்சரே மாமனாரைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். நானே ஓட்டுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "நீங்க நகருங்க. உங்களுக்கு எந்த வாசல்ல விடணும்னே தெரியாது" என்று கோகிலா சாவியைத் திருகினாள். ஒரே இழுப்பில் சீட்டை முன்னால் தள்ளினாள். கண்ணாடியைத் திருப்பினாள். ஏசியைப் போட்டாள்.

பின்னால் கொடிக்கம்பம், பக்கத்தில் நாற்காலிகள், முன்னால் டீச்சரின் கார். நானாக இருந்தால் நாலு பேரைக் கைகாட்டச் சொல்லியிருப்பேன். அவள் ஒரு தடவை பின்னால் எடுத்து, ஒடித்து, போய்விட்டாள். வாய் பிளந்து நின்றது நான் ஒருவன்தான். தங்கவேல், வாரத்துக்கு இரண்டு தடவை செய்கிறவர் மாதிரி நாற்காலியை ஒதுக்கி, "வழி விடுங்கப்பா, கோகிலாக்கா வருது" என்றார். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. குழுவில் எனக்குக் கைதட்டிய ஒன்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. கோபத்தைக் காட்ட யாரும் கிடைக்கவில்லை.

டீச்சர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். வெறுங்காலோடுதான் ஏறினேன். வழியில் எல்லாம் சொன்னார். தையல் வகுப்பு டிரைவிங் ஸ்கூல். மே மாதம் லைசென்ஸ். முதல் இரண்டு வாரம் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறார்.

"நீங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு அவ தன் கைக்காசுல டீசல் ஊத்திக்கிட்டா சார். அவ ஓட்டின கிலோமீட்டரெல்லாம் உங்க மீட்டர்ல ஏறுது. அவ ஊத்தின டீசல் உங்க கணக்குல வரலை. நீங்க ஊத்தினதை வச்சு மட்டும் வகுத்தீங்க. அதான் முப்பது, முப்பத்துமூணு."

முப்பத்துமூன்று எப்படி வந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்த ரெண்டு வாரம் நான் மக வீட்டுக்குப் போயிட்டேன். அவளா பயந்துக்கிட்டு நிறைய ஊத்திட்டா. அதுக்கப்புறம்தான் நான் கணக்குப் போட்டுக் குடுத்தேன். இருபத்துநாலு சரியா வந்துச்சா?"

வந்தது என்றேன்.

"சிக்னல்ல நிப்பாட்டி நிப்பாட்டிப் போனா உங்க டீசல் பதினஞ்சுதான் சார் தருது. என் பெட்ரோல் பதிமூணு. டீசல்தான் ஜாஸ்தி. நீங்க சொன்னது சரிதான்" என்றார். என் வாழ்க்கையில் சரி என்று யாரும் சொல்லி இவ்வளவு கசந்ததில்லை.

டயாலிசிஸ் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. இன்றுதான் பார்த்தேன். பதினான்கு கட்டில், பதினான்கு மெஷின். மாமனாரின் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் கோகிலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் முழுதாகக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. நான் ஒரு தடவை அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவன். இத்தனை மாதத்தில் இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை.

நர்ஸ் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "நீங்க யாருங்க?" என்றாள்.

கோகிலாவின் வீட்டுக்காரர் என்றேன்.

"அக்காவுக்கு வீட்டுக்காரர் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "இல்லீங்க, எப்பவும் அக்காதான் ஓட்டிட்டு வருவாங்க, அக்காதான் கூட்டிட்டுப் போவாங்க. அதான் ஒண்டியா இருக்காங்கன்னு..." என்று இழுத்தாள்.

பரவாயில்லை என்றேன். கோகிலா அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

நர்ஸ் நோட்டைத் திறந்தாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் இரண்டு வரி. முதல் வரியில் கோகிலா, மகள். இரண்டாவதில் ஸ்டெல்லா டீச்சர், எதிர்வீடு. கோகிலாவின் கையெழுத்து. கீழே காலியாக இருந்தது.

"வந்துட்டீங்கல்ல, உங்க நம்பரையும் எழுதிக்கட்டுங்களா? மூணாவதா இருக்கட்டும்" என்றாள்.

சொன்னேன்.

"பகல்ல கூப்பிட்டா எடுப்பீங்களா?"

எடுப்பேன் என்றேன்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று எழுதிக்கொண்டாள்.